மூன்றாம் வகுப்பில் படிப்பு எங்கே? டெல்லியில் ஒரு தந்தையின் கேள்வியும் ஓராண்டுக் குறிப்புகளும்

கேள்வி: ஏப்ரல் 10, 2024

என் மகள் இந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். பள்ளி திறந்து பத்து நாள் ஆகிறது, ஒரு பாடம்கூட முடியவில்லை. இலை பொறுக்கி வா, பாட்டியிடம் கதை கேட்டு வா, பழைய டப்பா கொண்டு வா என்கிறார்கள். இரண்டாம் வகுப்புவரை விளையாட்டு சரி, மூன்றாம் வகுப்பிலுமா? தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே சமயத்தில் எழுதப் பழக வேண்டிய குழந்தைக்கு எழுத்துப் பயிற்சிதானே முக்கியம்? செயல்பாடு என்ற பெயரில் ஓராண்டு வீணாகிறது என்பது என் கருத்து. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஏப்ரல் 11, 2024

நான் டெல்லியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பதினாறு ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகள்தான். தமிழும் சுற்றுச்சூழலும் கற்பிக்கிறேன்.

வீணாகவில்லை. புதிய கல்விக் கொள்கையின்படி மூன்று வயதிலிருந்து இரண்டாம் வகுப்புவரை ஒரே கட்டம். மூன்றாம் வகுப்பில் அடுத்த கட்டம் தொடங்குகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடியும்போது ஒரு குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 9999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும் என்கிறது. அந்த இலக்கை நானும் ஏற்கிறேன். ஆனால் "பொருள் புரிந்து" என்ற இரண்டு சொற்களைத்தான் பெற்றோர்கள் விட்டுவிடுகிறார்கள். இலையைத் தொட்டுப் பார்க்காத குழந்தை "நரம்பு" என்ற சொல்லை எத்தனை முறை எழுதினாலும் அது எழுத்துக்கூட்டலாகத்தான் இருக்கும்.

எந்தச் செயல்பாடும் வீணில்லை என்பதே என் பதில்.

ஏப்ரல் 12, 2024

வீட்டுப்பாடம் போதவில்லை என்று எழுதியவருக்கு: 2020இல் வந்த பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு.

ஏப்ரல் 27, 2024

என்னதான் செய்கிறீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

சாந்தினி சௌக்கில் ஒரு சுவர் வெப்பமானி வாங்கி வந்தேன். சிவப்புத் திரவம் உள்ள சாதாரண வகை. வகுப்புக்கு வெளியே தாழ்வாரத் தூணில், குழந்தைகளின் கண் மட்டத்துக்குக் கட்டினேன். தினமும் காலை பத்து மணிக்கு இருவர் போய்ப் பார்த்து வந்து சுவரில் ஒட்டிய பெரிய தாளில் எழுத வேண்டும். தேதி, வெப்பம், வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு தமிழ்ச் சொல். அவ்வளவுதான்.

முதல் நாள் போன இருவரில் ஒருத்தி 31 என்றாள், மற்றவன் 33 என்றான். இருவருமே உறுதியாக நின்றார்கள். வகுப்பு முழுவதும் தாழ்வாரத்துக்குப் போனது. ஒருத்தி எக்கிப் பார்த்திருக்கிறாள், அவன் குனிந்து பார்த்திருக்கிறான். கண் நேராக இல்லாவிட்டால் எண் மாறும் என்பதை நான் சொல்லவில்லை, மூன்றாவதாக ஒரு பையன் கண்டுபிடித்தான். கீழே உள்ள குமிழை விரலால் பிடித்தால் சிவப்புக் கோடு ஏறும் என்பதையும் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது பத்து மணிக்கு முன்பே சிலர் போய்க் குமிழைப் பிடித்துவிட்டு வருகிறார்கள். அதனால் "தொடாதவர் காவலர்" என்று ஒரு பொறுப்பையும் உருவாக்க வேண்டியதாயிற்று.

மே 10, 2024

இன்றோடு வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. வெப்பமானி அலமாரிக்குள் போய்விட்டது. ஐம்பது நாள் அட்டவணையில் இடைவெளி விழக் கூடாது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாளிதழில் வரும் அதிகபட்ச வெப்பநிலையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வரச் சொல்லியிருக்கிறேன். எந்த மொழி நாளிதழ் என்றாலும் சரி. வீட்டில் நாளிதழ் வாங்காதவர்கள் தேநீர்க் கடையில் பார்த்து எழுதி வரலாம். ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரின் எண்ணை எழுதலாம்.

ஜூலை 4, 2024

பள்ளி திறந்து நான்கு நாள். நோட்டுகள் வந்துவிட்டன. பாதிப் பேர் பத்து நாளுக்கு மேல் ஒட்டவில்லை, அது இயல்பு. ஆனால் இரண்டு நோட்டுகளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மே 29 அன்று டெல்லியின் ஓரத்தில் உள்ள முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் 52.9 டிகிரி என்று நாடே பேசியது நினைவிருக்கும். ஒரு சிறுமி அந்தச் செய்தியை ஒட்டி, சுற்றிலும் சிவப்புப் பென்சிலால் சூரியன் வரைந்திருந்தாள். இன்னொரு பையன் அதே செய்தியை ஒட்டி, சில நாள் கழித்து வந்த இன்னொரு துண்டையும் கீழே ஒட்டியிருந்தான். அந்த நிலையத்தின் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறை அறிவித்த செய்தி. அதே நாள் டெல்லியின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8.

"டீச்சர், அரசாங்க வெப்பமானியையும் யாராவது குமிழைப் பிடித்திருப்பார்களா?" என்று அவன் கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். கருவி தவறாகக் காட்டுகிறது என்பது எப்படித் தெரியும்? பக்கத்தில் இன்னொரு கருவி வைத்துப் பார்த்தால் தெரியும் என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். எட்டு வயதில் நான் அச்சில் வந்ததையெல்லாம் அப்படியே நம்பினேன்.

ஜூன் 28 மழையை எல்லாரும் எழுதி வந்திருக்கிறார்கள். சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228.1 மில்லிமீட்டர், 1936க்குப் பிறகு ஜூன் மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. மில்லிமீட்டர் என்பது மழைக்கு எப்படி அளவாகும் என்று கேட்டார்கள். அளவுகோலை நிமிர்த்தி வைத்து 22.8 சென்டிமீட்டரைக் காட்டினேன். பெய்த நீர் ஓடாமல் நின்றிருந்தால் இவ்வளவு உயரம் நின்றிருக்கும் என்றேன். ஒரு சிறுமி அளவுகோலைத் தன் காலோடு வைத்துப் பார்த்து, "எங்கள் வீட்டில் இதற்கு மேலே வந்தது" என்றாள். அவள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஏன் மேலே வந்தது என்பது அடுத்த நாள் பாடமாயிற்று.

ஜூலை 19, 2024

ஏப்ரல் 11 அன்று எந்தச் செயல்பாடும் வீணில்லை என்று எழுதினேன். அது தவறு. திருத்துகிறேன்.

நீர்ச் சுழற்சியைக் காட்டும் மாதிரி ஒன்று செய்து வரச் சொல்லியிருந்தேன். இன்று வந்தவை தெர்மாகோல் மலைகள், பஞ்சு மேகங்கள், ஒன்றில் மின்விளக்குச் சூரியன். பலவும் கடையில் செய்து வாங்கியவை. அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது, அது ஒரு பக்கம். என்னை வாட்டியது வேறு. கடைசி வரிசையில் ஒரு பையன் வெறுங்கையோடு வந்து தலைகுனிந்து நின்றான். அவன் அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் எப்போது மலை செய்வார்? நான் கொடுத்தது குழந்தைக்கான வேலையே இல்லை. அம்மாவுக்கும் பணத்துக்கும் வைத்த தேர்வு.

அவனைக் கூப்பிட்டு, என் டிபன் டப்பாவைத் திறந்து மூடியைக் காட்டினேன். சூடாகக் கொண்டுவந்த சாதம், மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. "இது எங்கிருந்து வந்தது?" என்றேன். விரலால் துளிகளைச் சேர்த்து ஒன்றாக்கினான், கனம் தாங்காமல் அது சாதத்திலேயே விழுந்தது. "மழை" என்றான். எல்லாருடைய டப்பா மூடிகளும் திறந்தன.

கேள்வி கேட்டவர் கோபித்துக்கொண்டது இந்த மாதிரி வேலைகளைப் பார்த்துத்தான் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்த ஆண்டு வீட்டிலிருந்து செய்து வரும் மாதிரி எதையும் இனி கேட்க மாட்டேன்.

ஜூலை 20, 2024

நேற்றையதைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. குழந்தையின் கையால், கையில் இருப்பதைக் கொண்டு செய்ய முடிந்தால் வைத்துக்கொள்வேன். முடியாவிட்டால் விடுவேன். வெப்பமானி தொடர்கிறது.

ஆகஸ்ட் 9, 2024

எழுத்துக்கு வருகிறேன், அதுதானே முதல் கேள்வி.

டெல்லியில் தமிழ் கற்பிப்பவர்களுக்குத் தெரியும், இங்கே குழந்தைகள் செய்யும் பிழைகள் ஊர்க் குழந்தைகள் செய்பவை அல்ல. நாள் முழுவதும் தங்களுக்குள் இந்தியில் பேசுகிறவர்கள். இந்தியில் வழக்கமாக ஏ, ஓ இரண்டுக்கும் நெடில்தான். அதனால் "வெயில்" என்பதை "வேயில்" என்றும், "தொப்பி" என்பதை "தோப்பி" என்றும் எழுதுகிறார்கள். கொம்பு ஒற்றையா இரட்டையா என்பது அவர்களுக்கு அலங்காரம். அங்கே க வரிசைக்கு நான்கு எழுத்து இருக்க, இங்கே ஒரே "க". "கங்காருவில் இரண்டு க வருகிறதே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஏன் ஒலிக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மிக நல்ல கேள்வி. மெல்லின எழுத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும் என்று சொல்லி, பந்து, தம்பி, வண்டி, கங்காரு என்று வரிசையாகச் சொல்லவைத்தேன். காதுக்குப் புரிந்தது.

ழகரம்? ஆண்டுத் தொடக்கத்தில் "மளை" என்றே பாதிப் பேர் எழுதினார்கள். ஜூலை முழுவதும் தினமும் இருவர் சுவரில் "மழை", "தூறல்", "மேகமூட்டம்" என்று எழுத, மற்றவர்கள் தப்பைப் பிடிக்கக் காத்திருந்தார்கள். இந்த வாரம் சொல்வதெழுதுதலில் "மழை" ஒருவருக்கும் தப்பவில்லை. "வாழை" இன்னும் தப்புகிறது. "வாழை"யைச் சுவரில் எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தியில் "லூ", "ஆந்தி" என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அனல்காற்று, புழுதிப்புயல் என்ற சொற்களைக் கொடுத்தேன். "புழுதிப்புயல்" எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஆகஸ்டில் வராத புழுதிப்புயலுக்காக வானத்தைப் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, 2024

வில்தராசில் புத்தகப் பைகளை நிறுத்தோம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பை 1.7 முதல் 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. எங்கள் வகுப்பில் அதிகபட்சம் 4.1. திறந்து பார்த்தால் வாரம் முழுவதற்குமான நோட்டுகள், ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு கூழாங்கல். கால அட்டவணை பார்த்து அடுக்கும் வழக்கம் இன்று தொடங்கியது. கூழாங்கற்களைத் திருப்பி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டான். கொடுத்தேன்.

அக்டோபர் 17, 2024

நேற்று புராணா கிலா பக்கத்தில் உள்ள உயிரியல் பூங்காவுக்குப் போனோம். புலியைப் பார்த்தார்கள், வெள்ளைப் புலியைப் பார்த்தார்கள், அதெல்லாம் வழக்கம்தான். நான் அவர்களை அழைத்துப்போனது குளத்தருகே.

அங்கே மரங்கள் கொள்ளாமல் மஞ்சள்மூக்கு நாரைகள். இவை பூங்கா வளர்க்கும் பறவைகள் அல்ல. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் தாமாகவே வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அவை பறக்கப் பழகிய பின் போய்விடுபவை. கம்பி இல்லை, கூண்டு இல்லை. "அப்படியானால் இவை யாருடையவை?" என்று ஒரு பையன் கேட்டான். இறகின் ஓரத்தில் இளஞ்சிவப்பு, நீண்ட மஞ்சள் அலகு. குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்த, தாய்ப்பறவை மீனைக் கூட்டில் கக்கியது. ஐந்தாறு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருத்தி மட்டும் கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை.

அவள்தான் சொன்னாள்: "எங்கள் தாத்தா ஊரில் இதே நாரை இருக்கிறது. கூந்தன்குளம். ஆனால் அங்கே நாங்கள் லீவுக்குப் போகும்போதுதான் குஞ்சு இருக்கும்."

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம். லீவு என்பது மே மாதம். அங்கே மே மாதம் குஞ்சு, இங்கே அக்டோபரில் குஞ்சு. ஒரே பறவை. ஏன் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விடை எனக்குத் தெரியும். வேண்டுமென்றே சொல்லவில்லை. பள்ளிக்குப் போய்ச் சுவரில் இருக்கும் தாளைப் பாருங்கள் என்றேன்.

அக்டோபர் 22, 2024

மூன்று நாள் ஆயிற்று, ஆனாலும் கண்டுபிடித்தார்கள்.

தாளில் "மழை" என்ற சொல் எங்கே கூட்டமாக இருக்கிறது? ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அதன் பிறகு? இல்லவே இல்லை. "மழை முடிகிற சமயத்தில்தான் குஞ்சு இருக்கிறது" என்றான் டிபன் மூடியில் மழையைக் கண்ட அதே பையன். குஞ்சுக்கு என்ன வேண்டும்? மீன். மழையில் மீன் பெருகுகிறது, மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும்போது பிடிக்க எளிதாகிறது. இதுவரை அவர்களே வந்தார்கள்.

அப்படியானால் கூந்தன்குளத்தில் மழை எப்போது? அந்தச் சிறுமி வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டு வந்தாள். "ஐப்பசி, கார்த்திகை" என்று சொல்லியிருக்கிறார். அதாவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. டெல்லிக்குத் தென்மேற்குப் பருவமழை, நெல்லைக்கு வடகிழக்குப் பருவமழை. இரண்டு ஊரிலும் நாரை மழையைப் பின்தொடர்ந்துதான் வருகிறது. இந்தியப் படத்தில் இரண்டு அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பருவமழை என்ற பாடத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அதற்கு முன்னால் நான்கு மாதம் ஆகியிருந்தது.

முதல் கேள்வி கேட்ட ஐயா, ஏப்ரலில் கையிருப்பில்லாமல் கொடுத்த பதிலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 17, 2024

14ஆம் தேதி குழந்தைகள் தினம். பாட்டு, பலூன், லட்டு. அன்று மாலையே அறிவிப்பு வந்தது. காற்று மாசு காரணமாகத் தொடக்க வகுப்புகள் இனி இணையவழியில்.

காற்றுத்தரக் குறியீடு 0 முதல் 500 வரை, ஆறு நிலைகள். 400ஐத் தாண்டினால் "கடுமை". அந்த நிலையில்தான் இருக்கிறோம். காலையில் பால்கனிக்குப் போனால் எதிர்க் கட்டடம் தெரியவில்லை, தொண்டையில் எரிந்த வைக்கோல் வாடை. அட்டவணையில் கடைசியாகப் பிள்ளைகள் எழுதிய சொல் "புகை". முதலில் "மூடுபனி" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறார்கள். மூடுபனியில் கண் எரியாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வகுப்பில் ஐந்து பேருக்கு வீட்டில் ஒரே கைபேசி, அது அப்பாவோடு வேலைக்குப் போகிறது. திரையில் முகங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். மூச்சுக்காகப் பள்ளியை மூடுவது தேவைதான். ஆனால் அந்த ஐந்து பேர் வெளியில் அதே காற்றில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 9, 2024

பள்ளி மீண்டும் திறந்து, எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தது.

அட்டவணையில் நவம்பர் பாதி வெறுமை. நாளிதழைப் பார்த்து நிரப்பிவிடலாமா என்று நான்தான் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். "நாம் பார்க்காததை நாம் பார்த்த மாதிரி எழுதக் கூடாது" என்றாள், ஏப்ரலில் எக்கிப் பார்த்து 31 என்று சொன்ன அதே சிறுமி. கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் பூசிவிட்டார்கள்.

அந்த ஐந்து பேருக்கும் மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் தனியாகப் படிக்க வைக்கிறேன். இருவர் நவம்பரில் படித்ததை மறந்திருக்கிறார்கள். செயல்பாடு எதுவும் இதைச் சரிசெய்யாது. பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து, வரி வரியாகப் படிப்பதுதான் ஒரே வழி. கேள்வி கேட்டவர் சொன்ன எழுத்துப் பயிற்சி இந்த இருவருக்கும் கட்டாயம் தேவை.

ஜனவரி 17, 2025

குளிர்கால விடுமுறை முடிந்தது. காலை பத்து மணிக்கு 11 டிகிரி. ஏப்ரலில் 33, ஜனவரியில் 11, இடையில் எத்தனை என்று கேட்டேன். கழித்தல் கணக்கை நோட்டில் பார்த்தால் அழும் ஒரு பையன் விரலால் சுவரிலேயே கட்டங்களை எண்ணி 22 என்றான். பிறகு நோட்டில் போட்டான், கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கு என்று அவனுக்கே மகிழ்ச்சி.

பிப்ரவரி 17, 2025

இன்று விடியற்காலை 5.36க்கு நிலநடுக்கம். ரிக்டர் 4.0தான், ஆனால் மையம் டெல்லிக்குள்ளேயே, தௌலா குவான் பக்கம் என்பதால் பெரிய உறுமல். எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். பாடத்தை ஒதுக்கி வைத்தேன். மேசைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொள்ளும் பயிற்சியை மூன்று முறை செய்தோம். பிறகு எழுதச் சொன்னேன். ஆண்டு முழுவதிலும் வந்த மிக நீளமான தமிழ்க் கட்டுரைகள் இன்று வந்தன. "கட்டில் என்னைத் தாலாட்டியது, ஆனால் நான் தூங்கவில்லை" என்று ஒரு வரி. "தாலாட்டியது" பிழையில்லாமல்.

மார்ச் 21, 2025

ஆண்டு முடிகிறது. பிள்ளைகள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் சரளமாகப் படிக்கிறார்கள். அந்த இருவர் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள், ஏப்ரலில் நான்காம் வகுப்பு ஆசிரியையோடு உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு நன்றாகவே தேறிவிட்டது. "வாழை" இன்னும் நான்கு பேருக்குத் தப்புகிறது.

அட்டவணைத் தாள்கள் பன்னிரண்டு. யார் வீட்டுக்கு என்று பெரிய சண்டை. கடைசியில் நான்காம் வகுப்பு அறைக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டும் அதே தேதிகளோடு ஒப்பிட வேண்டுமாம்.

வெப்பமானி என்னோடு இருக்கும். அடுத்து வருகிறவர்களோடு மழைமானியும் வைக்கப் போகிறேன். ஒரே விட்டமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல அதிலேயே செருகி, பக்கவாட்டில் அளவுகோலை ஒட்ட வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் அந்த இடம் நிறையும்வரை முதலில் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்யத்தைத் தொடங்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: குரங்குகள் தள்ளிவிடாமல் மொட்டைமாடியில் அதை எப்படி நிறுத்துவது? செங்கல் நான்கு வைத்துப் பார்த்தேன், போதவில்லை.